அம்மாவுக்கும் புரிந்த வார்த்தை

நர்ஸ் படிப்பு என்பது பாதிக்குப் பாதி வார்த்தைப் படிப்புதான். காய்ச்சலைக் காய்ச்சல் என்று சொன்னால் எங்கள் தலைமை நர்ஸ் மேட்ரன் காதில் விழாது. பைரெக்சியா என்று சொல்ல வேண்டும். மூச்சுத் திணறல் என்றால் டிஸ்னியா. இதெல்லாம் டாக்டர்களுக்கு. படுக்கையில் கிடக்கிற ஜனங்களுக்கு வேறு கணக்கு. கன்னடக்காரிக்கு நோவு, உருது பேசும் பீபிக்கு தர்த், நம்மவர்களுக்கு வலி. அத்தனையையும் ஒரே மண்டைக்குள் திணித்துக்கொண்டு பெட்பேனையும் தூக்க வேண்டும். பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்படித்தான் என் இளமை கழிந்தது.

லீவு நாளில் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போவேன். உரக்கச் சொன்னால்தான் எனக்கு மனப்பாடமாகும். கூடத்தில் நடந்துகொண்டே கத்துவேன். அம்மா அவரைக்காய் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பா போன பிறகு துரைமார் பங்களாக்களில் ஆயா வேலை பார்த்து என்னை வளர்த்தவள். எழுத்து தெரியாது, ஆனால் இங்கிலீஷ் எல்லாம் காது வழியாகவே ஏறியிருந்தது.

"அது என்னடி, கார்சினோமா? பாக்கறதுக்கு அழகா இருக்கிற பொண்ணு பேரு மாதிரி இருக்கு."

"புத்துநோய்ம்மா."

"ஐயோ ஏசப்பா! வேற ஏதாச்சும் படி."

அவளுக்கு ஒரே ஆசைதான். நான் பாஸாகி நர்சம்மாவாகக் கோயிலுக்கு வருவதைப் பார்க்க வேண்டும். தெருவில் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லி என் மானத்தை வாங்குவாள்.

இறுதி வருஷத்தில் அம்மாவுக்குச் சாப்பாடு தங்காமல் போயிற்று. எல்லாம் பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டே இழுத்தடித்தாள். நான் கொண்டுவந்து சேர்த்தபோது புடவை இடுப்பில் நிற்கவில்லை. நான் டியூட்டி பார்த்த பெண்கள் வார்டிலேயே படுக்கை கிடைத்தது.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய டாக்டர் நோயாளியின் தலைமாட்டிலேயே நின்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிவிடுவார். புடவை கட்டிய பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். பிறகு எங்களில் ஒருத்தி நோயாளியின் பாஷையில் சமாதானம் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு வாக்கியம் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்: உள்ளே கொஞ்சம் புண் இருக்கிறது, மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று காலை டாக்டர் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "கார்சினோமா ஆஃப் த ஸ்டமக். இன்ஆபரபிள்," என்றார். பின்னால் திரும்பி என்னைப் பார்த்து, "டெல் ஹர்," என்றார்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது எனக்கும் புரிந்தது. அந்தக் கூட்டத்தில் புரியாதவர் டாக்டர் ஒருவர்தான். கையை மடக்கிப் படுத்து எழுந்தால் கை யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது எனக்கு.

"உள்ள கொஞ்சம் புண்ணு இருக்காம்மா. மருந்து சாப்பிட்டா ஆறிடுமாம்," என்றேன்.

"சரிங்க டாக்டர்," என்று அம்மா தமிழில் சொல்லிக் கும்பிட்டாள். வார்த்தை புரிந்ததைக் காட்டி என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே என்ன சொன்னார் என்பது இன்றுவரை நினைவில்லை.

மத்தியானம் ஜுரம் பார்க்கப் போனேன். தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்ததும் கேட்டாள்.

"இன்ஆபரபிள்னா என்னடி? அது ஒண்ணுதான் விளங்கல."

"கத்தி வைக்க முடியாதுன்னு அர்த்தம்."

"ஓ. பரீட்சை எப்போ?"

"மழை விட்ட அப்புறம்."

"நீ பாஸாகிறத நான் பார்ப்பேனா?"

புண், மருந்து, ஆறிவிடும் என்று அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. வெட்கங்கெட்ட வாக்கியம். எனக்கு அதன் மேல் கோபம்கூட வரவில்லை.

"பார்க்க மாட்டம்மா," என்றேன். ஜுரம் எவ்வளவு என்று சொல்கிற அதே குரல்.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து ஏப்ரனின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"அப்போ என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடி. இங்க செத்தா நீதானே வந்து டியூட்டில என்னத் துடைச்சுக் கட்டணும்? அது வேணாம்."

மறுநாள் காலை மேட்ரன் அறையில் போய் நின்றேன். அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். எதற்கு என்றாள். நோயாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றேன்.

மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தாள். "எந்த நர்ஸ் சொன்னது?"

"நர்ஸ் சொல்லவில்லை மேடம்," என்றேன். "மகள் சொன்னாள்."