கித்தியோனே சிரித்த சிரிப்பு

கித்தியோனே கையால் அடி வாங்கியவன் மறுநாள் கோயிலில் பாட்டுப் பாட வாய் திறக்க முடியாது என்று வுனிதோகா மாகாணத்தில் சொல்வார்கள். கொப்பரை வெட்டிக் காய்த்துப்போன கை அது. ஆட்டத்துக்கு முன் போதகர் ஜெபிக்கும்போது மற்ற எல்லாரையும்விட அவன்தான் கண்ணை இறுக்கி மூடியிருப்பான். ஆமென் சொன்ன ஈரம் காயுமுன்னே எவன் மூக்கிலாவது ரத்தம் வந்துவிடும்.

வுனிதோகா ரக்பி அணிக்கு அவனை விட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பிஜியின் சின்ன மாகாணங்களிலும் சின்னது. மூன்றாம் பிரிவில் கடைசி இடம் அவர்களுக்கென்றே எழுதி வைத்ததுபோல் இருக்கும். மூங்கிலில் கோல்கம்பம் நட்டார்கள், புயல் கொண்டுபோனது. இரும்பில் நட்டார்கள், அதை அடுத்த புயல் வளைத்துப் போட்டது. வளைந்த கம்பத்துக்கே உதைத்துப் பழகி, வெளியூரில் நேரான கம்பத்தைக் கண்டால் குறி தப்பினார்கள். ஒரு வருஷம் ஆட்டம் முடிந்து திரும்புகையில் அணியின் படகு பவளப்பாறையில் மோதிக் கவிழ்ந்தது. எல்லாரும் கரையேறினார்கள். படகை ஓட்டிய கித்தியோனேயின் தம்பி மாதியு மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கித்தியோனேயின் கை இவ்வளவு கனத்துப் போனது.

அப்பேர்ப்பட்ட அணி ஒரு வருஷம் ஜெயித்துக்கொண்டே போனது. கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தால் இரண்டாம் பிரிவு. எதிரே கொரோசாவா தீவு அணி.

கொரோசாவாக்காரர்கள் வுனிதோகாவுக்குத் தௌவு முறை. ஒரே மூதாதை வழி வந்தவர்கள். தௌவுக்காரன் வந்து பன்றியை ஓட்டிப்போனாலும், செத்தவர்களைச் சொல்லிக் கேலி செய்தாலும், சிரிக்கத்தான் வேண்டும். கோபிக்கிறவன் தன் ரத்தத்தையே வேண்டாம் என்றவன்.

ஸ்க்ரம்மில் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோள் கோத்துக் குனிந்து முட்டும்போது, கித்தியோனேயின் கன்னத்தோடு கன்னம் உரச நின்றவன் இசிகேலி என்ற மீன்பிடிக்காரன். ஆட்டம் முழுக்கக் காதுக்குள் ஏசிக்கொண்டே இருந்தான். வளைந்த கம்பத்தைச் சொன்னான், கித்தியோனேயின் தொப்பையைச் சொன்னான். கித்தியோனே சிரித்தபடியே அவன் காதைக் கடித்தான். இசிகேலியும் சிரித்தபடியே அவன் விலாவில் முழங்காலை இறக்கினான். யாருடைய பல்லோ சேற்றில் கிடந்தது. ஒருவரும் தேடவில்லை.

வுனிதோகா முன்னால் இருந்தது. நடுவர் விசில் ஊத வேண்டியதுதான் பாக்கி. கடைசி ஸ்க்ரம். இந்த முறை இசிகேலி எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னான்.

"மச்சான், உன் தம்பி கையில பந்தே நிக்காது. படகு மட்டும் எப்படிடா நிக்கும்?"

குனிந்திருந்த இரண்டு அணியும் சிரித்தது. கித்தியோனேக்குத் தோள் கொடுத்தவனும் சிரித்தான்.

கித்தியோனே கையை உருவி அடித்தான். முதல் அடியில் புருவம் கிழிந்தது. விழுந்தவன் மேல் உட்கார்ந்து, தேங்காய் உடைக்கிறவன்போல அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தான். விலக்க வந்த சொந்த அணிக்காரன் தாடையும் போனது. கித்தியோனேயை இழுத்துப்போட்டபோது இசிகேலியின் இடக்கண் இருந்த இடத்தில் வெறும் ரத்தக்குழம்பு.

ரக்பி சங்க மேலிடம் வெற்றியைக் கொரோசாவாவுக்குக் கொடுத்துவிட்டது. அதைக்கூட ஊர் தாங்கிக்கொண்டது. தௌவுக்காரனைக் கோபத்தில் அடித்ததைத் தாங்கவில்லை. கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மன்னிப்புக் கிடைக்கும்வரை பந்தைத் தொடக் கூடாது, கிடைக்காவிட்டால் இரண்டு ஊருக்கும் உறவு அத்தோடு அற்றது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஊர்ப் பேச்சாளர், கை நீட்டி வாங்கினால் மன்னித்ததாக அர்த்தமாகும் திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு அவனைக் கொரோசாவாவுக்குக் கூட்டிப்போனார். இசிகேலி வீட்டுப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு இளவட்டங்கள் துடுப்போடு நின்றார்கள். பேச்சாளர் பல்லை இரு கையிலும் ஏந்தி, செய்த பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இசிகேலி கை நீட்டவில்லை. கண்ணில் கட்டிய துணியில் மஞ்சளாக நீர் கசிந்தது.

"தலைய நிமித்து மச்சான்," என்றான். "உன் தம்பி கையில பந்தே நிக்காது. படகு மட்டும் எப்படிடா நிக்கும்?"

கித்தியோனேயின் விரல்கள் தாமாக மடங்கின. நகம் உள்ளங்கையில் இறங்கியது. வாசலில் துடுப்புகள் உயர்ந்தன. கர்த்தாவே, இந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று மனதுக்குள் கதறினான்.

அப்போது மாதியு ஞாபகத்துக்கு வந்தான். ஒரு ஆட்டத்தில் எதிரே ஒரு ஆள்கூட இல்லாத வெட்டவெளியில் பந்தை நழுவவிட்டான். அது சரிவில் உருண்டு கடலில் விழ, பின்னாலேயே தொப்பென்று குதித்தான். பந்து கரைக்கு வந்தது. மாதியுவைத்தான் இழுத்துப்போட வேண்டியிருந்தது.

கித்தியோனேயின் தொண்டையில் எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. கண்ணீரும் சளியும் தாடியில் வழிய, பாயை அடித்து அடித்துச் சிரித்தான்.

இசிகேலி பல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த வருஷமும் வா. இன்னொரு கண்ணு இருக்கு."

"முதல்ல காது," என்றான் கித்தியோனே. "போன தடவ பாதிதான் கடிச்சேன்."

வாசலில் நின்றவர்கள் துடுப்பைக் கீழே போட்டார்கள்.