ஏழாம் கேள்வியில் லோரெட்டா

மிச்சிகனின் வடகோடியில் லோரெட்டா ஹக்கலா இருபத்தாறு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டினாள். ஒரு குளிர்காலத்தில் மூன்று ஆள் உயரத்துக்குக் கொட்டித் தீர்க்கிற ஊர் அது. அங்கே பாதிரியாரைப் பகைத்துக்கொண்டாலும் பகைத்துக்கொள்வார்கள், வண்டி ஓட்டுகிறவரைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐம்பத்துநாலு வயதில் முதுகெலும்பு மக்கர் செய்தது. வருகிற வசந்தத்தோடு ஓட்டுவதை நிறுத்தியாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாலைத்துறையில் அவளால் செய்ய முடிகிற வேலை ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: எந்த வண்டி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற நாற்காலி. அதற்கு இரண்டு வருஷக் கல்லூரிப் பட்டயம் வேண்டும் என்று விதி. விதி எழுதின புண்ணியவானை நான் பார்த்ததில்லை. பார்த்தால் வாயில் நல்ல வார்த்தை வராது.

பட்டயத்துக்கான எல்லாப் பாடங்களும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர. அதன் பெயர் 'அன்றாட வாழ்வில் நவீன கணிதம்'. கணக்கென்றால் நடுங்குகிறவர்களுக்காகவே வைத்த பாடம். ஓட்டு எண்ணுவதில் எத்தனை வகை, ஒரு கேக்கை மூன்று பேர் சண்டையில்லாமல் வெட்டிக்கொள்வது எப்படி என்று போகும். அதில்தான் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது தடவைக்கு மேல் கல்லூரி விடாது.

"என்ன புரொபசரம்மா, கேக்கை வெட்டியாச்சா?" என்று வண்டிக் கொட்டகையில் கூட ஓட்டுகிற டுவைன் தினமும் சீண்டுவான்.

"வெட்டியாச்சு. உனக்குப் பங்கு கிடையாதுன்னு கணக்கு சொல்லுது" என்பாள்.

அந்த மூன்றாவது தடவையின் கடைசிப் பரீட்சையில் ஏழாம் கேள்விக்கு மட்டும் பதினைந்து மதிப்பெண். ஒரு சின்ன ஊரின் தெருப்படம் போட்டிருந்தது. பனி தள்ளும் வண்டி எல்லாத் தெருவையும் முடித்துவிட்டுக் கிளம்பின இடத்துக்கே திரும்ப வேண்டும், மிகக் குறைந்த தூரத்தில். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதன்முறையாக அந்த வகுப்பில் யோசிக்காமல் பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு தெருவுக்கும் போகிற பக்கம், வருகிற பக்கம், முடிந்த இடத்திலெல்லாம் வலப்பக்கத் திருப்பம் என்று அழகாக வரைந்தாள். வண்டி பனியை வலது ஓரத்துக்குத் தள்ளுவதால் இடப்பக்கம் திரும்பினால் அது சந்திப்பின் நடுவே குவிந்துவிடும், அதையும் ஓரத்தில் குறித்து வைத்தாள்.

தேற எழுபது வேண்டும். வந்தது அறுபத்துநாலு. ஏழாம் கேள்விக்குப் பூஜ்யம்.

பாடம் நடத்திய நோலன் பிரிட்ஜர் மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாக அலைகிறவர். அறை கிடையாது, நூலக மூலையில் ஒரு மேஜைதான். லோரெட்டா விடைத்தாளை அங்கே கொண்டுபோய் விரித்தாள்.

"ஏழாவதுக்கு ஒண்ணுமே போடலையே சார்."

"எல்லாத் தெருவையும் ரெண்டு தடவை போயிருக்கீங்களே."

"தெருவுக்கு ரெண்டு பக்கம் இருக்கே சார். ஒரு தடவை போனா ஒரு பக்கந்தானே சுத்தமாகும்?"

அவர் கேள்வியின் முதல் வரியில் விரலை வைத்தார். ஒரு தெருவுக்கு ஒரு முறை போனால் போதும் என்று கொள்க, என்றிருந்தது. "இதைப் படிக்கலையா?"

"படிச்சேன். அச்சுப்பிழைன்னு நெனச்சேன். பாவம், யாரோ தெரியாம விட்டுட்டாங்கன்னு நானே திருத்திக்கிட்டேன்."

உண்மைதான். 'ஒரு முறை' என்பதை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் 'இரண்டு முறை' என்று எழுதியிருந்தாள். நோலன் தாளைத் தன் பக்கம் திருப்பி அவள் வரைந்த வழியை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"நெஜ ஊருக்கு நீங்க போட்டதுதான் சரி" என்றார். "ஆனா ஒரு தடவைதான்னா, மூணு தெரு சேர்ற சந்திப்புல ஏற்கெனவே முடிச்ச தெருவுலயே மறுபடி போக வேண்டி வரும்; ரெண்டு தடவை போகலாம்னா எந்தச் சந்திப்புலயும் இந்தச் சிக்கலே வராது. அந்தச் சிக்கலைத்தான் கேள்வி கேக்குது."

"அப்போ என்ன சார் பண்றது?"

"கல்லூரிக் கணக்குத் துறைக்கு எழுதிப் பாக்கிறேன்."

நல்ல மனுஷர், எழுதவும் செய்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: அடுத்த பருவத்திலிருந்து கேள்வி இன்னும் தெளிவாக எழுதப்படும், இந்தப் பருவத்து மதிப்பெண்ணில் மாற்றமில்லை. லோரெட்டா அதைச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. கேக்கு வெட்டத் தெரியாமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மே மாதம் சாலைத்துறை மேலாளர் கிளென் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"இவ்வளவு நாளும் அந்த நாற்காலியை உனக்காகத்தான் காலியா வெச்சிருந்தேன், லோரெட்டா."

"தெரியும்."

"டெக்சாஸ்லேருந்து ஒருத்தர் வர்றார். பட்டயம் இருக்கு. ஆனா பனியில வண்டியே ஓட்டினதில்லையாம். நீ ஒரு நாலு நாள் வந்து, எந்தத் தெருவுல எப்படிப் போறதுன்னு அவருக்குச் சொல்லிட்டுப் போனேன்னா... சம்பளம் போட வழியில்லை."

கெட்ட வார்த்தை ஒன்று அவள் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலாவது போய் உட்கார அவளுக்கு இனி வேறு வழி இல்லை.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.