மொய் கடனா என்று கேட்க வந்த ஏட்டு

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. தீர்க்கப்படாத தனிப்பட்ட கடன் உண்டா? உண்டெனில் யாருக்கு, எவ்வளவு? மறைத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கிடைத்திருந்தது ராணுவத் தளவாடக் கிடங்கு ஒன்றில் எழுத்தர் வேலை. வயது முப்பதை நெருங்கிவிட்டது. இதை விட்டால் எழுதுவதற்கு வேறு தேர்வும் இல்லை. போலீஸ் விசாரித்து நல்லபடியாக எழுதி அனுப்பினால்தான் உள்ளே விடுவார்கள். வங்கியில் எனக்குக் கடன் கிடையாது. ஆனால் மொய் இருந்தது.

கீரமங்கலம் பக்கம் பணமுடை வந்தால் மொய் விருந்து வைப்போம். கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் கொடுப்பதை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்வது. அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் திருப்பிச் செய்வது. பத்திரமும் கிடையாது, வட்டியும் கிடையாது. அப்பாவின் ஆபரேஷனுக்காக நான் விருந்து வைத்து நான்கு வருடமாகியிருந்தது. எதிர்வீட்டு அத்தாச்சி ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் திருப்பிச் செய்துவிட்டேன். அத்தாச்சி என்று நான் முறை வைத்துக் கூப்பிடும் அந்த அம்மாள் பூக் கமிஷன் கடை வைத்திருப்பவர். எனக்கு ஐம்பதாயிரம் மொய் செய்தவர். போன ஆடியில் அவர் விருந்து வைத்தபோது என் கையில் பஸ் காசுக்கு மேல் இல்லை. பந்தல் வரை போய், உள்ளே நுழையத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் வாசலில் நின்றால் நான் கொல்லைப்பக்கமாக வெளியே போவேன்.

படிவத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்த நண்பன், "மொய்யெல்லாம் கடனாடா? காலியா விடு" என்றான். நான் விடவில்லை. போலீஸ் வந்து கேட்டால் அத்தாச்சி கட்டாயம் போட்டுக்கொடுத்துவிடுவார் என்று நம்பினேன். அவர் வாயால் மாட்டுவதற்கு நானே எழுதிவிடுவது மேல் என்று, தொகையையும் அவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு பைக்கில் வந்தார். முதலில் தெருவில் விசாரித்துவிட்டுப் பிறகுதான் என் வீட்டுக்கு வந்தார். முகம் சிடுசிடுவென்று இருந்தது.

"என்ன தம்பி, வெளையாடுறீங்களா? அம்பதாயிரம் தரணும்னு நீங்க எழுதியிருக்கீங்க. அந்தம்மா ஒத்த ரூவா வரவேண்டியதில்லேங்குறாங்க. நாலு வீட்டுல கேட்டேன், எல்லாம் அதே பாட்டு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மொய்தான் சார் என்று தொடங்கி ஏதோ உளறினேன்.

"மொய்யோ என்னமோ. கடன்ல முங்குனவன் கையில ரகசியக் காயிதம் போனா, வெல பேச ஆளு வந்துரும். அதுக்குத்தான் இந்தக் கேள்வியே. இந்தம்மா பேரப் போட்டுட்டு வேற யாரையோ மறைக்கிறீங்களோன்னு மேல கேப்பாங்க. நான் என்ன சொல்ல?" வாட்சைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு நான் ஜெகதாப்பட்டினத்துல இருக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லுங்க. இல்லேன்னா சந்தேகம்னு எழுதிட்டுப் போயிருவேன்."

தெருவைத் தாண்டிப் போனேன். அத்தாச்சி வாசலில் பூக்கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அத்தாச்சி, நான் ஒங்களுக்குப் பணம் தரணும்னு ஏட்டுகிட்ட சொல்லுங்க."

கூடையை நங்கென்று வைத்தார். "மொய்யப் போயி போலீசுல சொல்லவா? சொன்னா நாளைக்கு எவன் எனக்கு மொய் செய்வான்? ஒம் மேல எனக்கு ஆத்திரம்தான். அதுக்காக ஒஞ் சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்றியா?"

"நீங்க இல்லேன்னு சொன்னாத்தான் மண்ணு. நான் எழுதிக் குடுத்துட்டேன்."

"எழுதிட்டியா?" அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "காயிதத்துல எழுதத் தெரியுது. அன்னைக்குப் பந்தலுக்குள்ள வந்து, இப்பக் கையில இல்ல அத்தாச்சின்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியல. எல நிறைய சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு நீ வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நடுத்தெருவில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பின்னால் ஏட்டு பைக்கை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

அத்தாச்சி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவைத் தாண்டினார்.

"சார், நில்லுங்க. அம்பதாயிரம் வரணும். நாந்தான் பொய் சொன்னேன்."

ஏட்டு பைக்கை நிறுத்திவிட்டு ஃபைலை டேங்க் மேல் விரித்தார். "திருப்பித் தருவாராம்மா?"

அத்தாச்சி யோசித்தார். அந்த நேரம் முழுவதும் நான் ஏட்டின் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தருவான்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நாங்க யாரும் காட்டிக் குடுக்க மாட்டோம்னு அவனுக்கு நல்லாத் தெரியும் சார். தெரிஞ்சும் எழுதியிருக்கான் பாருங்க."

ஏட்டு தலையை ஆட்டி அதையே எழுதிக்கொண்டார். அத்தாச்சி கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் ஐம்பதாயிரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது ஊருக்குப் போனால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. பரிமாறும்போது, போலீசுக்கே உண்மையை எழுதிக் கொடுத்த பிள்ளை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவரை நம்பாமல்தான் எழுதினேன் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.