பவளம் சாய்ந்திருந்த மேடு

இலங்கையில் யுத்தநிறுத்தம் வந்ததற்கு அடுத்த இலையுதிர்காலம். ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிபோல, நானும் என் மனைவி பவளமும் ஒஸ்லோவில் லார்விக் போகிற றெயில் ஏறினோம். நூற்றிமுப்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியால ஓட்டம். றெயிலில் ஒரு கோப்பி இருபது குரோணர். விலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்த காலம் எனக்கு எப்போதோ போய்விட்டது, இரண்டு வாங்கினேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்த நோர்வேயில் முதலில் கழுவியது சட்டிபானை. இன்று துப்புரவு வேலைக்குச் சொந்தக் கம்பனி, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு. நினைத்ததில் ஒன்றுதான் முடியாமல் கிடந்தது: பவளத்தை நடக்க வைப்பது.

வசந்தத்தில் அவளுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தார்கள். நடந்தால்தான் தேறுவா என்றார் டொக்டர். அவளோ தபால்பெட்டி வரை போய்த் திரும்பிவிடுவாள். செத்தவீடுகளுக்கு வருவதை நிறுத்தினாள். தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் ஓடிப்போய் நிறுத்துவாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காடு முழுக்க ஊசியிலை மரம். "ஐயோ, உது ஒரே இருட்டு" என்பாள். அதனால்தான் வெளிச்சமான காடு ஒன்றை விசாரித்துப் பிடித்தேன்.

லார்விக் நிலையம் கடலோரம். அங்கிருந்து ஏற்றம் என்பதால் டாக்சி எடுத்தேன். காட்டு வாசலில் பெரிய பலகை ஒன்று. பவளம் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"பலகை பார்த்து நடக்கிற ஆள் நான் இல்லை, வாரும்" என்று முன்னே போனேன்.

உள்ளே போன பிறகு சத்தமாய்க் கதைக்க மனம் வரவில்லை. பீச் என்கிற அகன்ற இலை மரங்கள் யானையின் காலைப்போலச் சாம்பல் நிறத்தில், ஒன்றையொன்று நெருக்காமல் நின்றன. மேலே இலையெல்லாம் செம்பு. வெயில் அந்த இலைகளுக்குள்ளால் வடிந்து, விளக்கு வெளிச்சம்போல அவள் முகத்தில் விழுந்தது. காற்றே இல்லை, ஆனாலும் இலைகள் ஒவ்வொன்றாய், அவசரமில்லாமல், இறங்கிக்கொண்டே இருந்தன. காலடியில் பொரித்த அப்பளம் நொறுங்குகிற சத்தம். நாங்கள் நடக்கிறோமா, காடு எங்களைத் தாண்டிப் போகிறதா என்று தெரியாத மயக்கம்.

அங்கங்கே வட்டமான மேடுகள். ஒன்றின் சரிவு சாய்மனைக்கதிரை மாதிரி.

"இஞ்சை இரும், பவளம். உமக்கெண்டே செய்து வைச்ச இடம்."

என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு இருந்தாள். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடினாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்காத நோர்வேக்காரர், காட்டுக்குள் கண்டால் கதைக்காமல் போகமாட்டார்கள். நாயோடு வந்த ஒரு கிழவர் நின்றார்.

"நல்ல இடமாப் பிடிச்சிருக்கிறியள். கீழை இருக்கிறவருக்கும் சந்தோசம்" என்றார், அவருடைய மொழியில்.

"கீழை ஆர்?"

"ஆயிரம் வருசத்துக்கு மேலை படுத்திருக்கிறவர். இந்த மேடெல்லாம் சவக்குழிதானே."

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். செத்தவர்களின் பெயரைக்கூடக் கேட்கமாட்டாதவளைச் சவக்குழியில் அல்லவா சாய்த்து வைத்திருக்கிறேன்! இவளுக்குத் தெரிந்தால் இனித் தபால்பெட்டிக்கும் போகமாட்டாள். கிழவர் போனதும் எழுப்பினேன்.

"எழும்பும், மழை வரப்போகுது."

வெயில் எறித்துக்கொண்டிருந்தது. "ஓமோம், நல்ல மழைதான்" என்று எழும்பினாள். எழும்பியவள் என்னைப் பார்த்து நிற்கவில்லை. ஏரி தெரிகிற இடம்வரை ஒரே நடை. நான்தான் பின்னால் மூச்சு வாங்கினேன்.

பொழுதுபட வீடு வந்தோம். செத்தவீட்டுக்குப் போனால் தலை முழுகாமல் உள்ளே கால் வைக்காத ஆட்கள் நாங்கள். இரண்டு பேருக்குமாக நானே முழுகிவிடுவது என்று தீர்மானித்து, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற குழாயைத் தலையில் பிடித்தேன். உயிர் போய் வந்தது.

"என்னப்பா, விசரே? இந்தக் குளிருக்கை!" பவளம் வாசலில் நின்றாள்.

"கால் சேறு."

"தலையிலையோ சேறு? அந்தப் பலகையிலை எல்லாம் எழுதியிருந்தது. வாசிச்சனான்."

"தெரிஞ்சுகொண்டோ அதிலை இருந்தனீர்?"

"ஓம். சொன்னால் நீங்கள் பயந்திடுவியள்." துவாயை எறிந்தாள். "செத்து மண்ணுக்குள்ளை போறதெண்டால் ஒரே இருட்டெண்டு நினைச்சனான். அங்கை என்ன வெளிச்சம்!"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீட்டுப் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே செத்தவர்களை மரத்துக்குக் கீழே படுக்க வைத்து, பக்கத்தால் நாயோடு உலாத்துகிறார்கள். எது சரி என்று சொல்ல எனக்குப் படிப்புக் காணாது.

நான் தலை துவட்டிக்கொண்டிருக்க, வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கியது. நிறுத்த எழும்பினேன்.

"விடுங்கோ," என்றாள் பவளம். "ஆரெண்டு கேப்பம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ."