அக்காவின் முட்டியும் அத்தானின் காரும்

எங்க அத்தானுக்குக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற வேலை. பொறுமை அவருக்குத் தொழில், எனக்குத் தண்டனை. அவருடைய பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் சூடு அனலாக அடிக்கும். பக்கத்தில் உட்காரும் அக்காவுக்குக் கால் வெந்துபோகுமே என்று உருகி, மூணு மாசம் ஷெட்டிலேயே கிடந்தார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்குக் கட்டளை வேறு.

பானெட்டில் காற்றுப் போக வெட்டுகள் போட்டார். எஞ்சினிலிருந்து அக்காவின் கால்மாட்டு வழியாகப் போகும் புகைக்குழாயில், சூடு தடுக்கும் நாடாவை நனைத்து, கடிகாரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றையும் அளந்து சுற்றினார். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போச்சு.

வேலை முடிந்து முதல் சவாரி போன அக்காவும் அத்தானும் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள்.

"சூடே தெரியல பாத்தியா?" என்றார் அத்தான் பெருமையாக.

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "அந்தச் சூட்டுக்குத்தான் நான் வந்ததே. முட்டிவலிக்கு ஒத்தடம் மாதிரி இருந்துச்சு. இல்லேன்னா இந்த டப்பாவுல யார் ஏறுவா?"

அத்தான் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டினார்.

"அவ கால்கிட்ட இருக்கற நாடாவ மட்டும் பிரிச்சிடலாம். வா, குழாயப் பிடி."