மணிவண்ணனின் பொதுப்பெட்டி

குன்னத்துக்காரன் மணிவண்ணனைப் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். அவன் எழுதிய புரோகிராமைக் குறை சொல்லிப் பாருங்கள், பொத்துக்கொண்டு வரும் கோபம். பெரம்பலூரில் உரக்கடை மாடியில் இருக்கும் சாஃப்ட்வேர் ஆபீசில் ஜாவா எழுதுகிறான். கூட வேலை பார்க்கும் வேணி எதையாவது சுட்டிக் காட்டினால், "கரண்ட் சரியில்ல" என்பான். மகா ஆசாமி!

முதலாளி பழனிவேல், ஒரு திருமணத் தகவல் நிலையத்துக்கு வெப்சைட் செய்யும் வேலையை அவன் தலையில் கட்டினார். பெண்ணைத் தேர்ந்தெடுப்பது ஒரு பக்கம், 'விருப்பம் அனுப்பு' என்று அழுத்துவது அடுத்த பக்கம். நடுவில் ஆள் யோசிப்பார், வீட்டில் கேட்பார், காபி குடிப்பார். அதுவரை புரோகிராம் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கன்டினுவேஷன் என்பார்கள். யார் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவரவருக்கென்று தனியாக இருந்தால்தான் அது சரிவரும். நம் ஆளோ அதைக் குறித்து வைக்கும் வேரியபிளை எல்லாருக்கும் பொதுவான ஒரே பெட்டியாகப் புரோகிராமின் உச்சியில் வைத்துவிட்டான்.

"ரெண்டு பேரு ஒரே சமயத்துல வந்தா, பின்னால வந்தவரு எடுத்த பொண்ணு முன்னால வந்தவருக்குப் போயிடுமுங்க சார்," என்றாள் வேணி.

"எத்தன தடவ டெஸ்ட் பண்ணியிருக்கேன் தெரியுமா? ஒரு தடவகூட மாறல."

எப்படி மாறும்? அத்தனை தடவையும் ஒற்றை ஆளாய் உட்கார்ந்து தட்டியவன் அவன்தானே!

இதில் அவன் கல்யாணமும் சிக்கியிருந்தது. வேணியை அவனுக்குப் பிடிக்கும். அந்த வாயைத் தவிர அவனை அவளுக்கும் பிடிக்கும். அவள் அப்பா அரங்கநாதன் முறை பார்க்கிறவர். "நிலையம் வழியா கேக்கட்டும், குடுத்துடலாம்" என்று மகள் பெயரை அதில் பதிந்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சைட்டைத் திறந்தார்கள். ராகுகாலம் முடியும்வரை ஈ, காக்கைகூட வரவில்லை. முடிந்ததுதான் தாமதம், தா.பழூர் தொடங்கிக் குன்னம் வரை நல்ல நேரத்துக்குக் காத்திருந்த அத்தனை பேரும் ஒன்றாக நுழைந்தார்கள். மணிவண்ணனும் நுழைந்து வேணியைத் தேர்ந்தெடுத்தான். அடுத்த பக்கம் வந்ததும் எழுந்து போனான். சுவரிலிருந்த சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து அழுத்தினான். அவன் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சிந்தாமணி என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார். மணிவண்ணனின் விருப்பம் சிந்தாமணிக்குப் போய்ச் சேர்ந்தது.

சிந்தாமணி பழனிவேலின் அக்கா மகள். சாயங்காலம் அவர் லட்டு டப்பாவோடு மாடியேறி வந்தார்.

"எங்க அக்கா மவளுக்கு விருப்பம் அனுப்பியிருக்கீங்களே தம்பி! வூட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஆமா, நெசமாவே நீங்க அனுப்புனதுதானே? இல்ல, புரோகிராம்ல ஏதும் தப்பு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

வேணி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். வீட்டில் அவள் அப்பா, மணிவண்ணனின் விருப்பம் வரும் என்று போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். 'ஆமாம், தப்பு இருக்கு' என்று இவன் சொல்லிவிட மாட்டானா என்று அவளுக்குத் தவிப்பாக இருந்தது. நடந்தது என்னவென்று அவனுக்கும் விளங்கிவிட்டது. வேணியைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான்.

"என் புரோகிராம்ல தப்பே வராது சார்."

பழனிவேல் அவன் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். வேணி திரும்பி உட்கார்ந்து, அந்த வேரியபிளை அவரவர் கணக்குக்குள் இறக்கி வைத்துச் சைட்டைச் சரிசெய்தாள். பிறகு போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"காத்துக்கிட்டு இருக்க வேணாம்ப்பா. சாப்புட்டுப் படுங்க."