அப்பா உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், என் அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று அரசாங்கத்தை நம்பவைக்க நான் நான்கு மாதம் அலைந்தேன். அலைந்த இடம், அவர் முப்பது வருஷம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற அதே ஈரோட்டுக் கருவூலம். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். தெரிந்ததுதான் சிக்கலே.

அப்பாவின் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவூலத்துக்கு வருகிற எந்தக் காகிதமும் முதல் தடவையிலேயே சரியாக இருக்க வாய்ப்பில்லை என்பது அவர் கொள்கை. சிவப்பு மைப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உறையையே பிரிப்பார். தேதி விட்டுப்போயிருந்தால் திருப்புவார். முத்திரை கையெழுத்தின் மேல் ஏறியிருந்தால் திருப்புவார். என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது, முகூர்த்த நேரத்துக்குக் கீழே கோடு போட்டு, "காலையா மாலையா, தெளிவுபடுத்துக" என்று ஓரத்தில் எழுதியவர் அவர்.

என் தங்கையைப் பெருந்துறையில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும் என்பது முறை. அவளால் வர முடியவில்லை. அதனால் தாய்வீடு கிளம்பி அவளிடம் போனது. அம்மா பழனிக்கு அந்தப் பக்கம் போனதில்லை என்பதால் அப்பாவும் துணைக்குப் போனார்.

போவதற்கு முன் அவருக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பெண் கொடுத்த வீட்டில் போய்க் கை நனைப்பதற்கே கூசுகிற தலைமுறை அவருடையது. ஒரு வேளைச் சாப்பாடு என்றால் ஒரு டம்ளர் மோரோடு நழுவிவிடலாம். ஆறு மாதத்துக்கு மோர் போதாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மாதாமாதம் அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு டின் கடலெண்ணெயும் ஒரு சிப்பம் வெல்லமும் வாங்கி, நான் பெருந்துறை சம்பந்தி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "என்ற சோத்துக்கு என்ற காசுடா" என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட காசோலைகளை என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

சம்பந்திக்குத் தொழிலே எண்ணெய் ஆலை. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக நான் மாதம் ஒரு தடவை கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் டின்னோடு போய் இறங்குவேன். சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்களுக்கு எதுக்குங்க எண்ணெ?" என்று கேட்டபடியே வாங்கி வைப்பார்.

ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்தில் நேரில் போய் நின்று, உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்தால், அங்கே தூதரக அதிகாரியோ நோட்டரியோ ஒருவர் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டு, அவர் முத்திரை வைத்த சான்றை அனுப்ப வேண்டும். இந்தியத் தூதரகம் தங்கை வீட்டிலிருந்து காரில் பன்னிரண்டு மணி நேரம். அதனால் அப்பா பக்கத்தில் இருந்த ஒரு நோட்டரியிடம் முத்திரை வாங்கி எனக்கு அனுப்பினார். நான் அதை எடுத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போனேன்.

அங்கே ஓய்வூதியப் பிரிவில் இருந்த எழுத்தர் அப்பாவிடம் தொழில் கற்றவர். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, முத்திரையக் காணோமுங்களே?"

முத்திரை இருந்தது. ஆனால் மையில்லாத முத்திரை. காகிதத்தைக் கவ்வி அழுத்தி மேடு மட்டும் எழுப்புகிற மாதிரி அந்த ஊரில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். "இருக்குதுங்க, தடவிப் பாருங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். "இருக்குற மாதிரித்தான் இருக்குதுங்க. ஆனா தடவிப் பாக்கற முத்திரைக்கு ரூல்ல எடமில்லீங்களே. ஆடிட்டுக்கு வர்றவரு கண்ணுலதானுங்க பாப்பாரு."

"எங்கப்பா உசுரோட இருக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அட, நல்லாத் தெரியுமுங்க. நேத்துக்கூடக் கனவுல வந்து வஞ்சுபோட்டுப் போனாருங்க. எனக்குத் தெரிஞ்சு என்னங்க பண்றது? காயிதத்துக்குத் தெரியோணுமல்லங்க. இதெல்லாம் சார் சொல்லிக் குடுத்ததுதானுங்களே" என்றவர், எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் முடியாது என்பதையும் உபசரித்துத்தான் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளக்கூட விடமாட்டார்கள்.

அன்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அந்தப் புத்தி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முத்திரையின் மேல் பென்சிலைத் தேய்த்தேன். வட்டமும் எழுத்துமாக அழகாக எழும்பி வந்தது. பெருமையாக உள்ளே கொண்டுபோய் நீட்டினேன். எழுத்தர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங், இது நீங்களே வரைஞ்சதுங்களா?"

அதற்கு மேல் அந்தக் காகிதம் எதற்கும் ஆகவில்லை. வேறு ஒன்று வரவழைத்தேன். அதிலும் அதே மையில்லாத முத்திரை. ஓய்வூதியர் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்படாததால் ஜூலை முதல் ஓய்வூதியம் நிறுத்தப்படுகிறது என்று அப்பா பேருக்கே ஒரு குறிப்பாணை போட்டார்கள். அதை அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, அவர் கைக்குக் கிடைத்திருக்கும் நாளாகப் பார்த்துப் போன் செய்தேன்.

அப்பா கத்தவில்லை. "எண்ணெ போகலீன்னா நானிங்க எந்த மொகத்தோட தட்டுல கை வெக்கறது?" என்றார்.

"நான் வாங்கிக் குடுத்தர்றேன்ப்பா."

"நீ குடுத்தா அது உன்ற மொறை. என்ற சோத்துக்கு என்ன பதிலு? நானும் உங்கம்மாளும் கெளம்பி வந்தர்றோம்."

தங்கைக்கு அப்போது எட்டாவது மாதம். அம்மாவாவது இருக்கட்டுமே என்றேன். அம்மா போனை வாங்கி, "அவர ஒண்டியா எப்படிக் கண்ணு அனுப்பறது? ஏரோப்ளேன்ல மோர் இல்லீன்னு சண்டைக்குப் போவாரு" என்றாள். பின்னால் தங்கை அழுவது கேட்டது. இன்னும் பத்து நாளில் டிக்கெட். முதல் பிரசவத்துக்கு அந்தப் பெண் அன்னிய தேசத்தில் பெற்றவள் துணையில்லாமல் கிடக்க வேண்டும், ஒரு டின் எண்ணெய்க்காக. எனக்கு அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த வருஷத்தில் நான் அவரை வெறுத்தேன் என்றே சொல்லலாம்.

ஐந்தாம் நாள் கூரியரில் ஓர் உறை வந்தது. குறிப்பாணைக்குப் பதில் எழுதாமல் ஊருக்குக் கிளம்புவது முறையில்லை என்று அப்பாவுக்குப் பட்டிருக்கிறது. அதே குறிப்பாணையைத் திருப்பி அனுப்பியிருந்தார். காகிதம் முழுக்கச் சிவப்பு மை. ஈரோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கருவூலத்தில் எழுத்தர் கையில் கொடுத்தேன். அவர் உரக்கப் படித்தார்.

"ஒன்று. பார்வையில் காட்டிய விதி மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கானது. நான் நலம். இரண்டு. அலுவலர் கையொப்பத்தின் கீழ் தேதி இல்லை. மூன்று. உயிருடன் இருப்பது உறுதியாகாத ஒருவருக்கு அவர் பெயரிலேயே குறிப்பாணை அனுப்பியது எங்ஙனம்? விளக்குக. திருத்தத்துக்காகத் திருப்பப்படுகிறது."

மூன்றாவதைப் படிக்கும்போது எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். காகிதத்தோடு உள்ளே அலுவலரிடம் போனார். அந்த அலுவலரும் ஒரு காலத்தில் அப்பாவிடம் வசவு வாங்கியவர். படித்தார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"செத்துப்போனவரு இப்படிக் கேப்பாருங்களா? சாரேதானுங்க இது" என்றார். பழைய கோப்புகள் நான்கை எடுத்துவரச் சொல்லி, சிவப்பு மையோடு சிவப்பு மையை ஒத்துப்பார்த்தார். பிறகு, "ஓய்வூதியர் உயிருடன் இருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியை மறக்காமல் போட்டார்.

டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அடுத்த மாதம் அம்மா பக்கத்தில் இருக்கத் தங்கைக்குப் பெண் பிறந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் என் மனசில் நிற்பது, விஷயத்தைச் சொல்ல அன்று சாயங்காலம் நான் செய்த போன்தான்.

"முத்திரை?" என்று கேட்டார் அப்பா.

"முத்திரை இல்லாமலேயே பாஸ் பண்ணிட்டாங்கப்பா. உங்க எழுத்தே போதும்னுட்டாங்க."

எப்படிப் பாஸ் பண்ணலாம் என்று எகிறுவார் என எதிர்பார்த்தேன். எகிறவில்லை. ஐஎஸ்டி மீட்டர் ஓடுவதை நினைத்து மூன்று வாக்கியத்தில் பேச்சை முடிக்கிறவர், போனை வைக்காமலே இருந்தார்.

"கொடுமுடிக்கார டீச்சரம்மா ஒருத்தங்க" என்றார் கடைசியில். "ரிட்டையர் ஆகி மலேசியாவுக்குப் போயிட்டாங்க. அங்கிருந்து சர்டிபிகேட் அனுப்புனாங்க. அதுலயும் முத்திரை தெரியலீன்னு மூணு தடவ திருப்புனேன். நாலாவது தடவ வரவேயில்ல. செத்துட்டாங்கன்னு நெனச்சுக் கோப்ப மூடிப்போட்டேன்."

"வயசானவங்கதானேப்பா. இருக்கலாம்."

"மூணாவது தடவ சர்டிபிகேட்டோட ஒரு கடுதாசி வெச்சிருந்தாங்கடா. 'மக ஊட்டுல சாப்புட்டுட்டு இருக்கறேனுங்க, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க'ன்னு. நான் அதுக்குக் கீழ கோடு போட்டு, தேவையில்லாத விவரம்னு எழுதித் திருப்புனேன்."